முட்டிக்கு என்ன எழுதட்டும்?

என் பையில் இருக்கும் சாமான்களிலேயே நோயாளிகளுக்கு மிகவும் பிடித்தது ரப்பர் சுத்தியல்தான். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட, காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொல்லி முட்டிக்குக் கீழே ஒரு தட்டு தட்டினால் சிரித்துவிடுவார்கள். கால் தானாக எகிறும். "இன்னொரு வாட்டி தட்டுங்க மேடம்" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு பால்காரர், தன்னைக் கேட்காமல் தன் கால் எழுந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு, "இப்ப தட்டுங்க, எழுப்புறேனா பாக்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்போதும் எழுந்தது. மனுஷன் தோற்றுப்போன முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நொடி வேலை அது. தட்டினால் கால் எழ வேண்டும். எழாவிட்டால் நரம்பு எங்கோ பழுதாகியிருக்கலாம், மேற்கொண்டு பார்க்க வேண்டும். முக்கியமாகச் சர்க்கரைக்காரர்களுக்கு. அவர்களுக்குக் காலில் உணர்ச்சி மெல்ல மெல்லப் போகும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இதையெல்லாம் நான் நர்சிங் மாணவிகளுக்கு மேடையேறிப் பாடம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்த நான்தான் ஒரு மனிதருடைய முட்டியைத் தட்டாமலேயே 'இயல்பு' என்று எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து போதாதென்று முத்திரையும் குத்தினேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. செய்தது அயோக்கியத்தனம்.

என் பெயர் அருணாதேவி. கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிற குடும்பம். வேங்கிக்காலில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். கணவர் முருகவேலுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. எனக்கு இந்த ஊரில் வாயாடி டாக்டர் என்று பெயர். வரிசையை மீறி வந்த கவுன்சிலரை வெளியே போய் உட்காரச் சொன்னவள் என்று என்னைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. அது நிஜம்தான். அந்தக் கதையை யாராவது சொன்னால் நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது கேட்டால் எரிச்சல் வருகிறது.

தை மாதம் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உடல் பரிசோதனை முகாம் நடந்தது. வெளியூர் அன்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. கோயிலை ஒட்டிப் பிழைக்கிறவர்கள் எல்லோருக்கும்: பூக்கட்டுகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், லாட்ஜில் வேலை பார்ப்பவர்கள், குருக்கள்மார்கள். எல்லோருக்கும் முந்தின நாளே ரத்தம் எடுத்தாகிவிட்டது. அன்றைக்கு என் வேலை ஆளைத் தொட்டுப் பார்ப்பது. நெஞ்சு, வயிறு, கண், முட்டி. என் கிளினிக்கில் நர்சாக இருக்கும் அன்புச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து அட்டையில் எழுதிக்கொண்டே வந்தாள். காலையிலிருந்து தட்டித் தட்டி எனக்கு மணிக்கட்டே வலித்தது. ஒருவரையும் விடவில்லை.

பதினோரு மணிவாக்கில் மௌலி குருக்கள் வந்தார். பெரிய கோயிலில் அன்று அவருடைய முறை. உச்சிக்காலப் பூஜைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறார். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு, உடம்பெல்லாம் விபூதியோடு, மடியாக வந்திருந்தார். மடி என்றால் பூஜை முடிகிற வரை அவரை யாரும் தொடக்கூடாது. ஐம்பத்தெட்டு வயசு, பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். இது எல்லாம் அட்டையிலேயே இருந்தது.

அவரைப் பார்த்ததும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன். இரண்டடி பின்னால் நகர்ந்து கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை, மண்டபத்துக்காரர்கள் சொல்லவில்லை. கவுன்சிலரையே வெளியே அனுப்பியவளுடைய கால்கள் தாமாகவே பின்னால் போயின. அந்தக் கையால் நாளைக்கு அவர் கொடுக்கும் விபூதியை வாங்கப்போகிறவள் நான். அந்த உடம்பில் சுத்தியலை வைப்பதா என்று இருந்தது.

"சாமி, உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். "ஒண்ணும் இல்லைம்மா. ஈஸ்வரன் பாத்துக்கறான்" என்றார். பி.பி. வீட்டு மிஷினில் பார்த்ததைச் சொன்னார். எழுதிக்கொண்டோம். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, போய்விட்டார்.

அன்புச்செல்வி பேனாவை அட்டை மேல் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மேடம், முட்டிக்கு என்ன எழுதட்டும்?"

"நார்மல்னு போடு."

"தட்டலையே மேடம்."

"பாத்தா தெரியல? ஜம்முனு நடந்து போறாரு. போடுடி, பின்னாடி இன்னும் நாப்பது பேர் நிக்கிறாங்க."

அவள் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன், அட்டை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் கேட்டாள் என்பதை மறைத்துவிட எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. மறைத்தால் மறதி என்று ஆகிவிடும். மறதி இல்லை அது. தெரிந்தே செய்தது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சித்திரையில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், மதியம் கோயிலுக்குப் போயிருந்தேன். பிராகாரத்துக் கல்லில் கால் வைக்க முடியவில்லை. விரித்திருந்த தேங்காய்நார் மிதியடி மேலேயே ஜனங்கள் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஓடினேன். அப்போது மௌலி குருக்கள் கையில் ஒரு தட்டோடு மிதியடிக்கு வெளியே, வெறும் கல்லில், நிதானமாக நடந்து போனார். ஏதோ தோட்டத்தில் உலாவுகிற மாதிரி. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள், "பாரு, அவருக்குச் சுடுதா பாரு, சாமி மேல இருக்குற பக்தி" என்று மகளுக்குக் காட்டினாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அங்கேயே நின்று மறுபடியும் கும்பிட்டேன். வீட்டுக்கு வந்து முருகவேலிடமும் சொன்னேன்.

பத்து வருஷச் சர்க்கரைக்காரர் ஒருவருக்குக் கொதிக்கிற கல் சுடவில்லை. அதைக் கண்ணால் பார்த்த ஒரு டாக்டர் அவரை நிறுத்திப் பாதத்தைக் காட்டச் சொல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த டாக்டரால்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

வைகாசி பாதியில் ஒரு மதியம் கிளினிக்குக்குப் போன் வந்தது. மௌலி குருக்களின் மகள் தேவசேனா. புதுச்சேரியில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். அப்பாவை அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னாள். உள்ளங்கால் கொப்புளித்துப் புண்ணாகியிருக்கிறது, அவருக்கே தெரியவில்லை, வேட்டியில் ஈரம் பட்டிருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறாள். அதற்குள் சீழ் உள்ளே போய்விட்டது. வலது காலில் சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள்.

என் கையில் இருந்த பேனாவை மேஜை மேல் வைத்தேன்.

"நரம்பு டாக்டர் வந்து பாத்தார் மேடம். ரெண்டு முட்டியும் தட்டினா அசையவே இல்லை. உங்க முகாம் அட்டையைக் காட்டினோம். அதைப் பாத்துட்டு, ரொம்ப உபயோகமான அட்டைன்னு சொன்னார். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லத்தான் பண்ணேன்."

"எதுக்கு உபயோகம்?" என்றேன்.

"சர்க்கரையால நரம்பு போறதுன்னா பல வருஷம் ஆகுமாம். நாலு மாசத்துக்கு முன்னாடி முட்டி நல்லா இருந்திருக்கு, இப்ப சுத்தமா இல்லைன்னா இது சர்க்கரை இல்லை, வேற ஏதோ வேகமா நரம்பைத் தின்னுதுன்னு சொல்றார். நேத்திலேருந்து ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிச்சிருக்கா. நாளைக்குக் காலையில கணுக்கால்கிட்ட கீறி ஒரு சின்ன நரம்பை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பப்போறா. உங்க அட்டை மட்டும் இல்லைன்னா சர்க்கரைன்னே விட்டிருப்பாளாம்."

சர்க்கரை என்று விட்டிருந்தால் அது சரியாக இருந்திருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போனால் சர்க்கரை தாறுமாறாக ஏறும். ஏறினால் காலில் இருக்கிற புண் ஆறாது. கூடவே கணுக்காலில் புதிதாக ஒரு வெட்டு. அதுவும் ஆறாது. விரல் போன இடத்தில் பாதம் போகும். பாதத்தோடு நிற்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இவ்வளவும் என் அட்டையில் இருந்த ஒரு வார்த்தையை நம்பி நடந்துகொண்டிருந்தது.

போனை வைத்ததும் உடனே அந்த நரம்பியல் டாக்டரைக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். கூப்பிடவில்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு எடுக்கிற நரம்பே உண்மையைச் சொல்லிவிடும், நான் எதற்கு நடுவில் என்று ஒரு யோசனை. புகார் போனால் மெடிக்கல் கவுன்சில் என் டாக்டர் பதிவையே பிடுங்கிவிடுமே என்று ஒரு பயம். ஊரில் தெரிந்தால் கிளினிக் வாசலில் ஒரு ஈ காக்காய் வராது என்று இன்னொரு பயம். ஒரு மனிதருடைய கால் போய்க்கொண்டிருக்கிறது, நான் வாசலில் எத்தனை செருப்பு கிடக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

முருகவேலுக்குப் போன் செய்து சொன்னேன்.

"தட்டவே இல்லைன்னு ஏன் சொல்லணும்? தட்டினேன், கூட்டத்துல சரியா பாக்கல, சந்தேகமா இருக்குன்னு சொல்லிடேன். விஷயமும் போய்ச் சேந்துடும், உனக்கும் வம்பு வராது" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். என்னைக் காப்பாற்றப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு தேவசேனாவிடம் நம்பர் வாங்கி அந்த டாக்டரைப் பிடித்தேன். முருகவேல் சொன்னதைத்தான் சொன்னேன். "சார், ஜனவரியில எழுதினதுல எனக்கு இப்ப கொஞ்சம் டவுட்டா இருக்கு. அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ரெஸ்பான்ஸ் கம்மியா இருந்தத நார்மல்னு எடுத்திருப்பேனோன்னு…"

"கம்மியா இருந்துச்சா? அப்ப கொஞ்சமாவது இருந்துச்சு" என்றார் அவர். "அப்படின்னாலும் நாலு மாசத்துல சுத்தமா போயிருக்கு. பிளான் மாறாது டாக்டர். நாளைக்கு எடுத்துடுவோம்."

என் அரைப் பொய்யும் கத்தியைத்தான் நீட்டியது.

"டாக்டர், லைன்ல இருக்கீங்களா?"

"நான் தட்டல சார்."

"என்னது?"

"தட்டவே இல்ல. அவரு பூஜைக்கு மடியா வந்திருந்தாரு. தொடக்கூடாதுன்னு தொடல. தொடாமலே நார்மல்னு எழுதினேன். ஜனவரியில முட்டி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "நேத்து ராத்திரி ஒரு டோஸ் போட்டாச்சு. இன்னைக்குக் காலையில சுகர் நானூத்தி இருபது" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நிறுத்திடறேன். நரம்பு எடுக்கறதும் இப்ப வேணாம். அவங்க ஏன்னு கேப்பாங்க. நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே வர்றேன் சார்" என்றேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றபோது தெரிந்தவர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர், "டாக்டரம்மா, உக்காருங்க" என்று ஜன்னல் பக்கத்து இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்த மரியாதை ஊசிபோலக் குத்தியது. செஞ்சி வரைக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாக மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். அதற்கப்புறம் அதையும் விட்டுவிட்டேன்.

வார்டில் மௌலி குருக்கள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி இருந்தது. காலில் பெரிய கட்டு. மனைவி பாகம்பிரியாள் அவருக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அடடா, அவ்வளவு தூரத்திலேருந்தா வந்தீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேவசேனா காபி வாங்கக் கிளம்பினாள்.

"காபி வேணாம்மா. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்றேன். உட்காரவில்லை.

சொன்னேன். மண்டபத்தில் நின்றது, தட்டாதது, நர்ஸ் கேட்டும் எழுதச் சொன்னது, அந்த வார்த்தையால் போட்ட ஊசி, கீற இருந்த கணுக்கால். சித்திரையில் கல்லில் நடந்ததைப் பார்த்துக் கும்பிட்டதையும் சொன்னேன். அழக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். அழுதால் அவர்கள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அதுவும் ஒரு திருட்டுத்தானே.

தேவசேனாவின் முகம் மாறியது. "நாலு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டாள்.

"நரம்பு திரும்பி வந்திருக்காதும்மா. ஆனா கால்ல உணர்ச்சி இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். வெயில்ல கல்லுல நடக்கக்கூடாது, தினம் பாதத்தப் பாக்கணும்னு சொல்லியிருப்பேன். புண்ணு வந்திருக்காது."

"விரல்?"

"போயிருக்காது."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னேன்" என்றாள். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பாகம்பிரியாள் கையில் இட்லித் தட்டை வைத்துக்கொண்டே நின்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. புரியாத ஆச்சரியம்தான் இருந்தது. "தொட்டிருந்தா என்னம்மா? ஆத்துக்கு வந்து இன்னொரு தரம் ரெண்டு வாளி தண்ணியை ஊத்திண்டு போயிருப்பார். மண்டபத்துலேருந்து நாலு தெரு தள்ளித்தானே எங்காத்து வாசல். எத்தனையோ நாள் அப்படிப் போயிருக்கார்" என்றார்.

இரண்டு வாளித் தண்ணீர். நான் இத்தனை பெரிதாக நினைத்து எட்ட நின்றதற்கு அவர்கள் வீட்டில் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

மௌலி குருக்கள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். இந்த முறை எட்ட நிற்கவில்லை.

"என்ன வேணா சொல்லுங்க சாமி. திட்டுங்க. புகார் எழுதிக் குடுக்கறதுன்னா நானே எழுதித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க."

"திட்டறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை?" என்றார். "சூடு தெரியலைங்கறது எனக்கும் தெரியும். ஜனங்கள்லாம் பாத்துக் கன்னத்துல போட்டுண்டா. எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்தது. அவன்தான் தாங்கறான்னு நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

"அது அப்புறம் சாமி. தையிலேயே நான் பாத்திருந்தா…"

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்பது தெரிந்தது.

"அன்னிக்கு நான் சும்மா எட்டிப் பாக்க வரலை டாக்டரம்மா. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பாதம் ரெண்டும் மரத்துப்போயிருந்தது. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கும். இவகிட்டகூடச் சொல்லலை. லேடி டாக்டர், கெட்டிக்காரி, பளிச்சுன்னு சொல்லிடுவான்னு கேள்விப்பட்டு, காலைக் காட்டிக் கேக்கணும்னுதான் பூஜைக்கு முன்னாடியே கிளம்பி வந்தேன்."

பாகம்பிரியாள் தட்டைக் கீழே வைத்தார்.

"பின்ன ஏன் சாமி கேக்கல? நானே கேட்டேனே, ஒண்ணும் இல்லீங்களேன்னு. நீங்க இல்லைன்னீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கூச்சம்தான் இருந்தது.

"நீங்க கும்பிட்டுட்டீங்களேம்மா" என்றார். "கும்பிட்டுண்டு நிக்கறவாளுக்கு நேரா எப்படிக் காலை நீட்டறது?"